மூன்று மாதமாக மாடிப்படி

கேள்வி: மேடம், வேலைக்காக வெளிநாட்டுக்கு வந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. வயது 31. தனியாக இருக்கிறேன். அலுவலகக் கூட்டங்களில் என் பகுதியைத் தடங்கலின்றிப் பேசிவிடுகிறேன். ஆனால் நடைவழியிலோ லிஃப்டிலோ யாராவது சும்மா ஒரு வார்த்தை பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் நான்காவது மாடியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் வயதான ஒருவர் இருக்கிறார். ஒருநாள் காலை லிஃப்டில் இறங்கும்போது "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். குழாய்ச் சத்தத்தில் இரவெல்லாம் தூக்கமில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் "ஓ" என்றார். கதவு திறந்தது, போய்விட்டார். என்னைப் புலம்பல் பேர்வழி என்று நினைத்திருப்பார். அன்றிலிருந்து மூன்று மாதமாக மாடிப்படியில்தான் போய்வருகிறேன். அலுவலகத்திலும் ஒருவர் இன்னொருவரிடம் என்னைப் பற்றி "யாரோடும் ஒட்டாதவர்" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் எல்லோரிடமும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறேன். முதல் அபிப்பிராயம் கெட்டுவிட்டால் சரிசெய்ய முடியுமா? முன்பின் தெரியாதவர்களிடம் என்னதான் பேசுவது? மூன்று மாதம் காணாமல் போனதற்கு அந்தப் பெரியவரிடம் என்ன காரணம் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு நாளைக்கு இரண்டு முறை, நான்கு மாடி, மூன்று மாதம். இதயத்துக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் நீங்கள் அதற்காக ஏறவில்லை.

லிஃப்டில் நடந்ததை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள். அவர் "ஓ" என்றார். கதவு திறந்தது. போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். 'புலம்பல் பேர்வழி' என்ற சொல் அந்த லிஃப்டுக்குள் எங்கும் இல்லை. பிறகு நீங்களாகப் போட்டுக்கொண்டது அது. தரைத்தளத்தில் கதவு திறந்தால் யாராக இருந்தாலும் இறங்கத்தான் செய்வார்கள். அவருக்குக் காது மந்தமாக இருந்திருக்கலாம். அதே குழாய்ச் சத்தம் அவர் வீட்டிலும் கேட்டு, 'ஓ, அங்கேயும் அதே கதைதானா' என்ற பொருளில் சொல்லியிருக்கலாம். ஓர் எழுத்தை வைத்து ஒரு மனிதரின் மனம் முழுவதையும் படித்துவிட ஜோசியர்களுக்குத்தான் துணிச்சல் வரும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் பிற நாடுகளில் வசிப்பவர்கள். அவர்களை வதைப்பது பெரும்பாலும் அந்த இருபது நொடிப் பேச்சு அல்ல. அதற்குப் பிறகு வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பின் நடக்கும் விசாரணைதான். அந்த நீதிமன்றத்தில் வாதியும் சாட்சியும் நீதிபதியும் ஒருவரே. எதிர்த்தரப்புக்கு வக்கீலே கிடையாது.

இந்த விசாரணையின் தீர்ப்பு பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. எரிக்கா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், மார்கரெட் கிளார்க் ஆகிய நால்வரும் 2018இல் வெளியிட்டது அது. முன்பின் அறியாத இருவரைச் சிறிது நேரம் பேசவிட்டு, பிறகு தனித்தனியாக இரண்டு கேள்விகள் கேட்டார்கள். அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது? அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில் உண்மையைவிடத் திரும்பத் திரும்பக் குறைவாகவே வந்தது. தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்பதைப் பேசியவர்கள் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் தங்கிய முதலாண்டு மாணவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே இந்தத் தவறான கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. அவர்கள் பெரும்பாலும் பழகிய மொழியில் பேசிக்கொண்டவர்கள். நீங்களோ இரவல் மொழியில் பேசுகிறீர்கள்.

அந்த இரவல் மொழி செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இருவர் சமூகப் பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1995இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இன்றும் என்னைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கும் விளக்கம் அது. பதற்றம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா, சொன்ன வினைச்சொல் சரியா என்று நம்மையே நாம் கண்காணிக்கத் தொடங்குகிறோம். எதிரில் இருப்பவர் புன்னகைத்தாரா என்பது கண்ணில் படுவதில்லை. பிறகு, 'என்ன நடந்தது?' என்று மனம் கேட்கும்போது, எதிரில் இருந்தவரைப் பற்றிய தகவலே கையில் இல்லாததால், நம் பதற்றத்தையே தகவலாக எடுத்து நீட்டுகிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆகவே அவர் என்னைக் கேவலமாக நினைத்தார் என்று கணக்கு முடிகிறது. தாய்மொழியில் பேசும்போதே இப்படி என்றால், பாதி மூளை இலக்கணத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க எங்கே நேரம்?

அதனால் முதல் வேலையாக உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கண்டது, கேட்டது', வலப்பக்கம் 'நான் நினைத்தது'. ஒருவரோடு பேசிவிட்டு வந்ததும் இரண்டு பக்கமும் ஓரிரு வரி. இடப்பக்கத்தில் கேமராவில் பதியக்கூடியது மட்டும்தான் வரலாம். 'என் பக்கம் திரும்பி நின்றார்', 'திரும்ப ஒரு கேள்வி கேட்டார்', 'ஓ என்றார்'. 'எரிச்சலோடு ஓ என்றார்' என்று எழுதினால் அது வலப்பக்கத்துக்குரியது. முதல் வாரம் இடப்பக்கம் காலியாகக் கிடக்கும், வலப்பக்கத்துக்குத் தாள் போதாது. அது பரவாயில்லை. இடப்பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டாலே பேசும்போது கண் வெளியே பார்க்கப் பழகிவிடும். நான் இந்தக் கோட்டைப் போடச் சொல்வது அதற்காகத்தான்.

இப்படிச் சொல்வதால் முதல் அபிப்பிராயம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நான் ஆறுதல் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது உண்டு, படுவேகமாகவும் வந்துவிடுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத்தக்கவரா, பிடிக்கக்கூடியவரா என்று அதற்குள்ளாகவே மதிப்பிட்டுவிட்டார்கள் பார்த்தவர்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்களின் மதிப்பீட்டோடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. கூடுதலாகப் பார்க்க விட்டபோது முக்கியமாக அதிகரித்தது தங்கள் முடிவின் மீதான நம்பிக்கைதான். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்பதால் நினைத்தது சரியாகிவிடாது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எனக்கு இந்தப் பழமொழியோடு நெடுநாள் சண்டை. முகத்தில் பல நேரம் தெரிவது தலைவலியும் தூக்கமின்மையும்தான்.

வேற்றுமொழிச் சூழலில் வாழ்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: கூர்ந்து கேட்கும் முகம். பிடிபடாத உச்சரிப்பைப் பிடிக்க முயலும்போது புருவம் நெரிகிறது, கண் சுருங்குகிறது, உதடு இறுகுகிறது. உள்ளே நீங்கள் 'என்ன சொன்னார்?' என்று ஆர்வத்தோடு துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது கோபக்கார முகம். என்னிடம் வந்த ஓர் இளைஞர் இதை நம்பவில்லை. அலுவலக வீடியோ அழைப்பு ஒன்றின் பதிவில், மற்றவர் பேச இவர் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதியை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இவரிடம் நானே பேச மாட்டேன்" என்றார். நீங்களும் ஒருமுறை பாருங்கள். எப்போதும் சிரித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லவில்லை, அது இன்னும் விபரீதம். கேட்கும்போது புருவத்தைத் தளர்த்தி இடையிடையே தலையசைத்தால் போதும்.

இனி அலுவலகத்தில் காதில் விழுந்த சொல். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நிஜமான சாட்சியம் அதுதான் என்பதால் அதை ஒதுக்கிவிட மாட்டேன். நீங்கள் அதற்கு எதிராக வைக்கும் வாதம், எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்பது. அதை நான் நம்புகிறேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்றும் சந்தேகிக்கிறேன்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு மனிதரைப் பற்றி ஏழு அடைமொழிகளை வாசித்துக் காட்டுவார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, இதமானவர், உறுதியானவர், நடைமுறை அறிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கும் அதே பட்டியல்தான், ஆனால் 'இதமானவர்' இருந்த இடத்தில் 'ஒட்டாதவர்'. ஏழில் ஒரே ஒரு சொல்தான் மாறியது. அந்த மனிதரே தலைகீழாக மாறிப்போனார். முதல் குழு அவரைத் தாராள மனம் படைத்தவர், நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்றது. இரண்டாவது குழு அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. இவ்வளவும் நீங்கள் வேறெங்காவது படித்திருக்கலாம். அதிகம் பேசப்படாத பகுதி இது: அதே இடத்தில் 'மரியாதையானவர்', 'முகத்துக்கு நேராகப் பேசுபவர்' என்ற இரண்டு சொற்களை மாற்றிமாற்றி வைத்தும் பார்த்தார் ஆஷ். அவ்வளவு பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. மரியாதை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு மனிதரைப் பற்றிய சித்திரத்தை அந்த அளவுக்குப் புரட்டிப் போடுவதில்லை. இதம் இருக்கிறதா என்பது புரட்டிப் போடுகிறது.

வெளிநாட்டில் பயத்தோடு வாழ்கிறவர்கள் மரியாதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள். தவறு நேராது, யாரும் குறை சொல்ல முடியாது. "வார இறுதி எப்படிப் போனது?" என்ற கேள்விக்கு "நன்றாகப் போனது, நன்றி" என்ற பதில் இலக்கணப்படியும் மரியாதைப்படியும் பழுதற்றது. ஆனால் கேட்டவர் காலை நீட்டி வைக்க அதில் இடமே இல்லை. அவர் என்ன செய்வார்? அடுத்த திங்கட்கிழமை வேறு ஆளிடம் கேட்பார்.

இதற்கு மாற்று என்ன என்று பார்க்கும் முன் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, இன்று பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோபிரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கி ஆய்வு செய்தவர். அங்கே பார்த்ததையும் மனத்தில் வைத்து அவர் 1923இல் எழுதினார்: தகவல் சொல்வதற்காக அல்லாமல், சேர்ந்திருக்கிறோம் என்று உணர்த்துவதற்காகவே ஒரு வகைப் பேச்சு எல்லா மனிதர்களிடமும் உண்டு. குசல விசாரிப்பு, வானிலைப் பேச்சு எல்லாம் அந்த வகை. பேச்சில்லாத நிசப்தம் அந்நியர்களுக்கிடையே அச்சத்தைத் தருவது, அதை உடைப்பதுதான் முதல் வேலை என்பது அவர் பார்வை. ஆகவே "எப்படி இருக்கிறீர்கள்?" என்பது நாடி பிடித்துப் பார்ப்பதல்ல, கதவைத் தட்டிப் பார்ப்பது. நீங்கள் ஒரு தடவை கதவை முழுவதும் திறந்து வீட்டுக் குழாய் வரை கூட்டிப்போய்விட்டீர்கள். அதில் பயந்து அடுத்த தடவை சங்கிலி போட்ட கதவு இடுக்கிலிருந்து நன்றி சொன்னீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

நடுவில் நிற்கும் பதில் பெரும்பாலும் மூன்று துண்டுகளில் அடங்கிவிடும். கேட்டதற்குச் சுருக்கமான விடை, உங்களைப் பற்றி ஒரு சின்ன விவரம், பந்தைத் திருப்பிப் போட ஒரு கேள்வி. "நன்றாகப் போனது. ஒரு மாதமாக முடிக்காமல் வைத்திருந்த புத்தகத்தை ஒருவழியாக முடித்தேன். உங்களுக்கு?" அந்தச் சின்ன விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அது பெருமையாகவோ அறிவாளித்தனமாகவோ இருக்க வேண்டியதில்லை. கேட்டவர் விரும்பினால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பிடித்துக்கொள்ளாமல் போனாலும் நஷ்டமில்லை. அவர் ஏதாவது சொன்னால் உடனே வேறு தலைப்புக்குத் தாவாமல் அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மலையேறப் போனேன் என்று ஒருவர் சொல்லும்போது, "நல்லது, எனக்கும் நடப்பது பிடிக்கும்" என்பது உங்கள் பக்கம் இழுப்பது. "எவ்வளவு நேரம் ஏற வேண்டியிருந்தது?" என்பது அவர் பக்கம் நிற்பது.

குழாய்ச் சத்தத்தைச் சொன்னது தவறா? இல்லை. ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இருவருக்கு அது பொதுவான விஷயம், உண்மையில் நல்ல தொடக்கம். "உங்கள் பக்கமும் கேட்கிறதா?" என்ற வால் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

நாக்கு ஒட்டிக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நெதர்லாந்தின் நைமெகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து அளந்தார்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு, கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஜப்பானிய மொழியில் இடைவெளியே இல்லை எனலாம். மிக நிதானமாக இருந்த டேனிஷ் மொழியிலும் அது அரை நொடியைத் தொடவில்லை. உலகம் முழுவதும் மனிதர்கள் இவ்வளவு குறுகிய இடைவெளியில்தான் பேச்சைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். இரவல் மொழியில் வாக்கியத்தை உள்ளே கோத்து, சரிபார்த்து வெளியே அனுப்ப உங்களுக்கு இரண்டு நொடி ஆகிறது என்று வையுங்கள். உங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. கேட்டவருக்கு அது நெடுநேரம். பேச விருப்பமில்லை போலும் என்று முடிவு செய்ய அது தாராளமாகப் போதும்.

இதற்காக வேகமாகப் பேசப் பழக வேண்டாம். இடைவெளியைக் காலியாக விடாமல் இருந்தால் போதும். நம் மொழியில் 'அதாவது', 'அப்படியா', 'வந்து...' என்று இழுத்து நேரம் வாங்குகிறோம் அல்லவா, எல்லா மொழியிலும் அதற்கென்று ஒலிகள் உண்டு. மொழி வகுப்புகளில் இவற்றை யாரும் சொல்லித்தருவதில்லை, அசுத்தம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நீங்கள் இருக்கும் இடத்தில் மக்கள் யோசிக்கும்போது என்ன ஒலி எழுப்புகிறார்கள், வியப்புக்கு என்ன, அனுதாபத்துக்கு என்ன என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டு ஐந்தாறைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஐந்நூறு புதுச் சொற்களைவிட அவை உங்களுக்கு உடனடியாக உதவும். கேள்வி வந்ததும் அதில் ஒன்று வெளியே போகட்டும். வாக்கியம் பின்னால் நிதானமாக வரட்டும்.

ஒரு விஷயத்தில் உங்கள் மீது பழி போட மாட்டேன். எல்லாமே உங்கள் கற்பனை அல்ல. ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சர் இருவரும் 2010இல் காட்டியது இது: 'ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரில்லாமல் இருக்கும்' என்பது போன்ற வாக்கியங்களை வேற்றுமொழி உச்சரிப்போடு ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் அதைக் குறைவாகவே நம்புகிறார்கள். சொல்பவர் பிறர் எழுதித் தந்ததை வாசிக்கிறார் என்று தெரிந்தும் இப்படி. காதுக்குச் சிரமம் கொடுப்பதை மனம் சந்தேகமாக மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இதற்கு மேலே, வெளிப்படையான வெறுப்போடு நடந்துகொள்கிறவர்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்துவது உங்கள் வீட்டுப்பாடம் அல்ல. நோட்டில் இடப்பக்கம் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவையுங்கள்.

சரி, கெட்டுப்போன முதல் அபிப்பிராயத்தைச் சரிசெய்ய முடியுமா? முடியும். அதற்கு வழி விளக்கம் கொடுப்பதல்ல, மறுபடி மறுபடி கண்ணில் படுவது.

ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் இருவரும் 1992இல் வெளியிட்ட சோதனையை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுண்டு. தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்களைப் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை, மற்றவர்கள் ஐந்து, பத்து, பதினைந்து முறை போனார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வந்து உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் போய்விட வேண்டும். பருவ முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டினார்கள். அதிகமுறை வந்தவரைத்தான் அதிகமாகப் பிடித்திருந்தது. பேசாமலேயே!

இதைப் படித்துவிட்டு உங்கள் மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்காகச் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை நீங்களே நிறுத்திவிட்டீர்கள்.

நான் வெளிநாட்டில் படிக்கப்போன முதல் ஆண்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் தினமும் 7.40க்கு ஒரு பெண்மணி நிற்பார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் எப்போதும் குறுக்கெழுத்துப் புதிர் மடிப்பு. அவரிடம் சொல்வதற்காக வானிலை பற்றி அழகான ஒரு வாக்கியத்தை ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். கடைசிவரை அதைச் சொல்லவே இல்லை. முதலில் தலையசைப்பு, பிறகு புன்னகை, ஒருநாள் பஸ் வராதபோது இருவரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தது, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். பிறகு காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் போனபோது அவர்தான் முதலில் பேசினார்: "நான்கு நாளாக உங்களைக் காணவில்லையே." புது நாட்டில் என் நாட்களை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பஸ் வரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை, அதை அவர் தவறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முன்பு சொன்ன 2018 ஆய்வின் நால்வரில் ஒருவரான சாண்ட்ஸ்ட்ராமுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. டொராண்டோவில் முதுகலை படித்தபோது, போகும் வழியில் ஹாட் டாக் வண்டி வைத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துப் புன்னகைப்பதும் கையசைப்பதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது. நெருங்கிய நட்பெல்லாம் இல்லை. ஆனாலும் தானும் இங்கே ஒருத்தி என்ற உணர்வை அது தந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆய்வுகளே இப்படிப்பட்ட மெல்லிய பழக்கங்களைப் பற்றியவை. 2014இல் எலிசபெத் டன்னோடு சேர்ந்து வெளியிட்ட ஒன்றில், காபிக் கடைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரைக் காரியத்தை மட்டும் முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மற்றவர்களை விற்பவரின் கண்ணைப் பார்த்துப் புன்னகைத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள்தான் மகிழ்ச்சியோடும் ஒட்டுதலோடும் வெளியே வந்தார்கள்.

ஆகவே ஊரெல்லாம் சுற்றி, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுக்கும் திட்டம் எதுவும் வேண்டாம். ஓர் இடம், ஒரு நேரம், வாராவாரம். நூலகமோ பூங்காவோ பயிற்சி வகுப்போ எதுவாயினும் ஒரே நாள் ஒரே மணிக்குப் போங்கள். முடிந்தால் ஒரே மூலையில் உட்காருங்கள். காதில் மாட்டும் ஹெட்போனைப் பையில் போட்டுவிடுங்கள். மூன்றாவது வாரம் தலையசைப்பு தானாக வரும், ஐந்தாவது வாரம் யாராவது ஏதாவது சொல்வார்கள். எல்லோரும் நண்பர்களாகிவிட மாட்டார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். பதினோரு மாதத்தில் நீங்கள் யாரோடும் அலுவலக வேலைக்கு வெளியே 50 மணி நேரம் இருந்திருக்கிறீர்களா? உங்கள் குணத்தில் குறை தேடும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

தனியாக இருப்பவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன பழக்கங்கள் எல்லாமே மெதுவாக வளர்பவை. முதல் நாளே உயிர்த்தோழமை பேசி, மூன்றாம் நாள் எங்கே தனியாக இருக்கிறீர்கள், சம்பளம் எவ்வளவு, ஒரு சின்ன உதவி வேண்டும் என்று வருகிறவரிடம் உங்கள் மனம் பின்வாங்கினால், அது கூச்சம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பின்வாங்கலுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன்.

இன்னொன்று. பேச நேரிடும் என்ற எண்ணத்திலேயே நெஞ்சு படபடத்து, வேலை, கடை, மருத்துவர் என்று அவசியமான இடங்களையும் தவிர்க்கிறீர்கள், இது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது வெறும் கூச்சமாக இருக்காது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்கள் மொழி தெரிந்த ஆலோசகரிடம் இணையவழியிலாவது பேசிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த அளவுக்கு எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் பேசுகிறீர்கள், எனக்கு இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக, பெரியவரிடம் என்ன காரணம் சொல்வது என்ற கேள்வி. ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளைக் காலை லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அவர் இல்லாவிட்டால் மறுநாள் அதே நேரத்துக்கு அழுத்துங்கள். இருந்தால், இந்தத் தடவை முந்திக்கொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள். இத்தனை நாள் காணவில்லையே என்று அவர் கேட்டால், மாடிப்படியில் போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. பிறகு அந்தக் குழாய்ச் சத்தம் அவர் வீட்டிலும் கேட்கிறதா என்று விசாரியுங்கள். நான்காவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் அதைப் பேசி முடித்துவிடலாம்.